மாணவர்களிடம் கற்றுக்கொண்ட பயிற்சியாளர்

ஆசிரியர் கற்பிப்பார், மாணவர் கற்றுக்கொள்வார். இதுதான் நாம் அறிந்த வழக்கம். ஆனால் தம்மிடம் பயிற்சி பெற்ற இளைஞர்களிடமிருந்தே தம் வாழ்வின் மிகப்பெரிய பாடத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் அழியாத இடம் பெற்ற நூட் ராக்னி என்பவரே அவர். அவரது வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

ராக்னி 1888ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் நார்வே நாட்டின் வோஸ் என்னும் ஊரில், லூத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை வண்டி செய்யும் தொழிலாளி. ராக்னிக்கு ஐந்து வயதானபோது குடும்பம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் குடியேறியது. பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரிக்குச் செல்லப் பணமில்லை. எனவே சிகாகோ அஞ்சலகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்து பணம் சேர்த்தார். 1910ஆம் ஆண்டு, தமது 22ஆம் வயதில், இந்தியானா மாநிலம் சவுத் பெண்ட் நகரை அடுத்துள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

'நம் அன்னை' என்று பொருள்படும் பெயர் கொண்ட அப்பல்கலைக்கழகத்தை 1842ஆம் ஆண்டு திருச்சிலுவைச் சபையின் அருட்தந்தை எட்வர்ட் சோரின் நிறுவினார். கத்தோலிக்கக் கல்விக்கூடத்தில் லூத்தரன் மாணவராகச் சேர்ந்த ராக்னி, படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்து விளங்கினார்.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் ஆட்டம் அது. பந்தை முன்னோக்கி எறிந்து சக வீரர் பிடிப்பது 1906ஆம் ஆண்டில்தான் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் பல அணிகள் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. 1913ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ராக்னியும் அவரது நண்பர் கஸ் டோரைஸும் ஒகாயோ மாநிலத்தின் ஏரிக்கரை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் இந்த எறிதலை இடைவிடாமல் பழகினர். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், வலிமை மிக்க வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-13 என்ற கணக்கில் வென்றது. அதிகம் அறியப்படாத அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியின் பெயர் நாடெங்கும் பரவியது.

1914ஆம் ஆண்டு மருந்தியலில் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்ற ராக்னி, அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தார். பின்னாளில் செயற்கை ரப்பர் உருவாக வழிவகுத்த அருட்தந்தை ஜூலியஸ் நியூலாண்டின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகவும் இருந்தார். அவ்வாண்டே திருமணமும் நடந்தது. இறைவன் அவர்களுக்கு நான்கு பிள்ளைகளைத் தந்தார். அந்நாள்களில் தொழில்முறை வீரராகவும் களமிறங்கி, மாசிலன் டைகர்ஸ் போன்ற அணிகளுக்காக விளையாடினார். கல்லூரி அணியின் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றிய அவர், 1918ஆம் ஆண்டு தலைமைப் பயிற்சியாளரானார்.

அடுத்த 13 ஆண்டுகளில் அவரது அணி 105 ஆட்டங்களில் வென்றது, 12இல் தோற்றது, 5 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. 1919, 1920, 1924, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி. இத்தகைய சாதனையை எட்டியவர்கள் மிகச் சிலரே.

இந்த வெற்றிகள் வெறும் விளையாட்டுச் செய்திகளாக மட்டும் இருக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கர் பலர் அயர்லாந்து, இத்தாலி, போலந்து நாடுகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களைச் சந்தேகத்தோடும் ஏளனத்தோடும் பார்த்தவர்கள் ஏராளம். கத்தோலிக்கரைப் பகைவராகக் கருதிய கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இந்தியானா மாநிலத்தில் செல்வாக்குடன் இருந்தது. 1924ஆம் ஆண்டு மே மாதம் அவ்வியக்கத்தினர் சவுத் பெண்ட் நகரில் கூடியபோது, நோட்டர் டேம் மாணவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் ஏற்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை மத்தேயு வால்ஷ் மாணவர்களை அமைதிப்படுத்தினார். அதே ஆண்டு ராக்னியின் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் நாட்டின் முதலிடம் பெற்றது. நோட்டர் டேமைக் கண்ணால்கூடப் பாராத தொழிலாளர் குடும்பங்கள் அந்த அணியைத் தம் சொந்த அணியாக ஏற்றுக்கொண்டன. அதை வழிநடத்தியவரோ அதுவரை கத்தோலிக்கர் அல்லர்.

பின் எப்படி அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்? ராக்னி பின்னர் தாமே அதை விவரித்தார். வெளியூரில் ஒரு முக்கிய ஆட்டத்துக்கு முந்திய இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடுதியின் முன்கூடத்தில் வந்து தனியே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் அவரது வீரர்கள் சிலர் விரைந்து வெளியே போவதைக் கண்டார். எங்கே என்று விசாரித்தபோது, திருப்பலிக்கு என்று தெரிந்தது. சற்று நேரத்தில் மேலும் சிலர் வந்தனர். அவரும் உடன் சென்றார். தூக்கத்தைத் தியாகம் செய்து வந்த அந்த இளைஞர்கள் நற்கருணை வாங்க எழுந்து சென்றது அவர் உள்ளத்தைத் தொட்டது. அவர்களுடைய நம்பிக்கை எத்தகைய பலம் என்பதை அன்றுதான் உணர்ந்ததாக அவர் கூறினார். 1925ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், நோட்டர் டேம் வளாகத்தில் மரக்கட்டைகளால் ஆன சிற்றாலயத்தில் திருமுழுக்குப் பெற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராக்னி சொல்வன்மை மிக்கவர். உடைமாற்றும் அறையில் அவர் ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. 1928ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்ற நான்காம் நாள், நோட்டர் டேம் மீண்டும் இராணுவக் கல்லூரி அணியைச் சந்தித்தது. அந்த ஆண்டு அணிக்குச் சோதனையான ஆண்டு. 1920இல் 25 வயதில் நோயால் இறந்த வீரர் ஜார்ஜ் கிப், தமக்காக ஓர் ஆட்டத்தை வென்று தருமாறு மரணப் படுக்கையில் கேட்டுக்கொண்டதாக ராக்னி அன்று கூறினார். வீரர்கள் உருகினர், 12-6 என்று வென்றனர். ஆனால் கிப் அப்படிக் கேட்டது உண்மைதானா என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகின்றனர். பேச்சால் மற்றவர்களை அசைத்த அந்த மனிதரின் உள்ளத்தை அசைத்ததோ, ஒரு வார்த்தைகூட உபதேசிக்காத இளைஞர்களின் செயல்.

அவரிடம் குறைகளும் இருந்தன. 1926ஆம் ஆண்டு கார்னகி டெக் அணியை எளிதில் வெல்லலாம் என்று எண்ணி, தம் அணியை உதவியாளரிடம் விட்டுவிட்டு, வேறோர் ஆட்டத்தைப் பார்க்கச் சிகாகோவுக்குச் சென்றார். அணி 19-0 என்று தோற்றது. தகுதியான பாடம்! ஆனால் 1929ஆம் ஆண்டு காலில் கடும் நோய் கண்டு நடக்க இயலாதபோதும், சக்கர நாற்காலியில் அமர்ந்து பயிற்சி அளித்து அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்.

1931ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை. இரு மகன்கள் விடுதிப் பள்ளியில் படித்து வந்த கான்சாஸ் சிட்டியிலிருந்து ராக்னி லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி விமானம் ஏறினார். கான்சாஸ் மாநிலத்தின் பசார் என்னும் சிற்றூர் அருகே, மரத்தாலான இறக்கை முறிந்து விமானம் விழுந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். அப்போது ராக்னிக்கு வயது 43. நாடே துக்கம் அனுசரித்தது. அவ்விபத்துக்குப் பின் மர இறக்கை விமானங்கள் கடும் சோதனைக்கு உட்பட்டன. உலோக விமானங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஏப்ரல் 4ஆம் நாள், புனித சனியன்று, நோட்டர் டேம் திரு இருதய ஆலயத்தில் அவரது அடக்கச் சடங்கு நடைபெற்றது. மறுநாள் உயிர்ப்புப் பெருவிழா.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இளைஞர்களை நாம் திருத்துகிறோம், அறிவுரை கூறுகிறோம், சில வேளைகளில் குறைபட்டுக்கொள்கிறோம். விடியற்காலையில் யாரும் சொல்லாமலே திருப்பலிக்குச் செல்லும் ஓர் இளைஞரை, ஓர் இளம்பெண்ணை நாம் கவனித்ததுண்டா? அவர்களைத் தொடர்ந்து செல்லும் மனத்தாழ்மை நமக்கு உண்டா? புகழின் உச்சியில் இருந்த ராக்னிக்கு அது இருந்தது. சிந்திப்போம்.