பத்து ரூபாயில் பிறந்த பத்திரிகை

கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இதழியல் பயின்றவரல்லர். நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கெழுதியவர். 1893 அக்டோபரில் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக்கப்பட்ட பெயரையே தலைப்பாக்கியது எளிய துணிச்சலன்று.

நான்கு பக்கம், இரண்டணா விலை. அச்சுக்கும் விளம்பரத்துக்கும் செலவு 10 ரூபாய். 400 படிகள் இரண்டே நாளில் விற்றன. மூன்று மாதத்தில் அது வார இதழாயிற்று. இரண்டாண்டில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. ஊடகத்துறைக்குச் செல்லும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். எழுத்தும் கணக்கும் அச்சும் ஒரே கையில் இருந்தமையால், எதை வெளியிடலாம் என்று பிறர் அவருக்கு ஆணையிட இயலவில்லை. இன்று படப்பிடிப்பும் தொகுப்பும் கற்கும் நம்மவருள் எத்தனை பேர் வரவுசெலவையும் கற்கிறார்கள்?

1900இல் அவர் கடல் கடந்தார். ஏழாண்டு தடையின்றி வந்த இதழ் நின்றது.