மூன்று வயதுவரை பேசாத பிள்ளை



ஹல்துமுல்லைத் தோட்டமொன்றில் மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து தன் மகனைத் தூக்கி வரும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மூன்று வயது. இன்னும் அம்மா என்று அழைக்கவில்லை. லயத்தில் ஊமை என்ற பேச்சு எழுந்துவிட்டது. அத்தாய்க்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் கோமளத்தம்மாளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். தகப்பனார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். இரண்டு வயதில் பிள்ளையைப் பெரியம்மை தாக்கியது, பிழைத்தான். அடுத்துப் பிறந்த தம்பியோ மூன்று மாதம் நிறையுமுன்னே மறைந்தான். எஞ்சிய ஒரே பிள்ளையும் மூன்று வயதாகியும் பேசவில்லை. அந்தத் தாயின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவள் சும்மா இருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த தன் தகப்பனாரிடம் பிள்ளையைக் கொண்டுபோனாள். தாத்தா தரையில் அரிசியைப் பரப்பினார். பேரனின் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுவித்து, அதன் ஒலியை உரக்கச் சொன்னார். நாளடைவில் பிள்ளை பேசினான்.

1897இல் ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறிய அவன்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதில், நோயால் காலமானார்.

தாமதமாகப் பேசும் பிள்ளைகள் எல்லாரும் மேதைகளாவர் என்று எண்ணிவிடாதீர்கள். சொன்னதை விளங்கிக்கொண்டு, பேச்சில் மட்டும் பிந்தும் பிள்ளைகளில் பலர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். சிலருக்குப் பின்னர் வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் தொடரும். இன்னும் சிலருக்குக் காது கேளாமையே காரணம். ஆகவே தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடம் காட்டி, முதலில் செவியைச் சோதிப்பியுங்கள். ஒரு நாள் பெயர் போனாலும் பரவாயில்லை.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். திக்குவாயனான செவிடனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்ற நம் ஆண்டவர், முதலில் அவன் காதுகளில் விரல்களை இட்டார். பின்னரே நாவைத் தொட்டார். அவனை அவரிடம் கொண்டுவந்தவர்கள் அக்கறையுள்ள அயலவர்கள். நம் லயத்துப் பிள்ளைக்கு அந்த அயலவர்கள் நாமே. ஊமை என்ற சொல்லை விட்டு, அவனோடு நாள்தோறும் பேசுவோம். அவன் தாயோடு துணைக்குச் செல்வோம்.