வாயில்லாச் சீவன்களுக்காக வாய் திறந்தவர்



பிலயாமின் கழுதையை நாம் எல்லோரும் அறிவோம். எண்ணிக்கை நூலின் 22 ஆம் அதிகாரத்தில் வருகின்ற அந்தக் கழுதை, தன் தலைவனின் கண்ணுக்குத் தெரியாத வானதூதரைக் கண்டு வழிவிலகியது. அதற்காக மும்முறை அடிபட்டது. இறுதியில் ஆண்டவர் அதன் வாயைத் திறந்தபோது, தான் செய்த குற்றம் யாதென்று அது தன் தலைவனைக் கேட்டது. பிலயாமின் கண்கள் திறக்கப்பட்டபோது வானதூதர் அவனிடம் முதலில் விசாரித்ததும் அந்த அடிகளைப் பற்றித்தான்.

மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் சிறுவர்கள் சிரிப்பார்கள். கழுதை பேசுவது அவர்களுக்கு வேடிக்கை. ஆனால் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர், இலண்டன் பாராளுமன்றத்திலே வளர்ந்த மனிதர்களும் ஒரு கழுதையின் பேரில் இதைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே தளராது நின்ற ஒரு மனிதரின் வாழ்வை இவ்வாரம் சிந்திப்போம். அவர் பெயர் ரிச்சர்ட் மார்ட்டின்.

அவர் 1754 ஆம் ஆண்டு அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்த பழம்பெரும் குடும்பமொன்றில் பிறந்தார். தாயும் தந்தையும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அக்காலத்து அயர்லாந்திலோ கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. பொதுப் பதவிகளின் கதவுகள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆகவே ரிச்சர்ட் புரட்டஸ்தாந்தராகவே வளர்க்கப்பட்டார். இங்கிலாந்தில் ஹரோ பாடசாலையிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கல்வி கற்றார். ஹரோவில் அவருக்குக் கற்பித்த சாமுவேல் பார் என்னும் ஆசிரியர், விலங்குகளுக்கு இரங்குவதையும் மாணவருக்குப் பாடமாகப் புகட்டியவர். அந்த விதை முளைக்கப் பல்லாண்டுகள் சென்றன.

1776 இல் ரிச்சர்ட் அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் உறுப்பினரானார். தம் பெற்றோரின் இனத்தார் நுழைய முடியாத மன்றத்தில் தாம் அமர்ந்திருப்பதை அவர் மறக்கவில்லை. கத்தோலிக்கரின் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்தார்.

எனினும் இவரைப் புனிதராகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும். அவர் கோபக்காரர். மானப் பிரச்சினை என்றால் ஒற்றைக்கு ஒற்றை நின்று கைத்துப்பாக்கியால் பொருதும் அக்காலப் பிரபுக்களின் வழக்கத்தில் பேர் பெற்றவர். தொட்டவுடன் வெடிக்கும் துப்பாக்கி என்னும் பொருளில் அவருக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. கொனமாராப் பகுதியில் கடல்போல் விரிந்த நிலங்களுக்கு உரிமையாளராக இருந்தும், வரவுக்கு மீறிய செலவினால் கடன் அவரை விட்டு நீங்கவில்லை.

ஆயினும் அந்தக் கோபத்துக்குள் வேறொன்றும் இருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் முரட்டுப் பிரபு ஒருவர், அல்டமொன்ட் பிரபுவின் வீட்டில் வளர்ந்த பெரிய வேட்டைநாயைச் சுட்டுக் கொன்றார். மார்ட்டினால் அதைப் பொறுக்க இயலவில்லை. பின்னாளில் அவ்விருவரும் துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்றபோது, அந்த நாயின் சாவும் பகைக்கு ஒரு காரணமாயிற்று. மனிதருக்காகப் போரிடுவதை விட்டு விலங்குகளுக்காக ஏன் போரிடுகிறீர் என ஒருவர் பின்னர் கேட்டபோது, எருது கைத்துப்பாக்கி ஏந்தி நின்றதை நீர் எப்போதாவது கண்டதுண்டோ என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறினாராம். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒன்றை அடிப்பவன் வீரனல்லன் என்பதே அவரது கணக்கு.

அவருடைய பலினஹிஞ்ச் ஏரியின் நடுவே சிறு தீவொன்றில் ஒரு பழங்கோட்டை நிற்கிறது. தம் குடியானவருள் எவரேனும் விலங்கை வதைத்தால் மார்ட்டின் அவரை அங்கே அடைத்துவைப்பார் என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இது எவ்வளவு உண்மையாயினும், நிலக்கிழாரின் கோபம் அவருடைய நிலத்தின் எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு அப்பால் அடிபடும் குதிரைக்கு அதனால் பயனில்லை. எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமே தேவை என்பதை அவர் உணர்ந்தார்.

அன்றைய இலண்டன் மாநகரைச் சற்று மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மோட்டார் வாகனம் இல்லாத காலம். நிலக்கரியையும் கற்களையும் மரத்தையும் மனிதரையும் குதிரைகளே இழுத்தன. சிமித்ஃபீல்ட் சந்தைக்கு ஆடுமாடுகள் நெடுந்தூரம் நடத்தி வரப்பட்டன. விழுந்த குதிரையைச் சவுக்கின் அடிக்கட்டையால் மண்டையில் அடித்து எழுப்புவது அன்றாடக் காட்சி. தன் சொத்தைத் தான் அடிப்பதை எவரும் தடுக்க முடியாது என்பதே அன்றைய நியாயம்.

1809 இல் அர்ஸ்கின் பிரபு இதை மாற்ற முயன்றார். அவரது சட்டமூலத்தைப் பிரபுக்கள் சபை ஏற்க, பொதுமக்கள் சபை தள்ளியது. 1821 இல் மார்ட்டின் குதிரைகளுக்காகச் சட்டமூலமொன்றைக் கொண்டு வந்தார். இம்முறை பொதுமக்கள் சபை ஏற்க, பிரபுக்கள் சபை தள்ளியது. அந்த விவாதத்தின்போதுதான் கழுதையின் பெயர் எழுந்தது. கழுதைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென உறுப்பினர் ஒருவர் கேட்டார். சபை முழுவதும் வெடித்துச் சிரித்தது. பேச்சைக் குறிப்பெடுக்க வந்த பத்திரிகை நிருபருக்கு எதுவும் காதில் விழவில்லை. அடுத்து நாய்களுக்கும் பூனைகளுக்கும் சட்டம் கேட்பார் என்று மற்றொருவர் எள்ளி நகையாடினார்.

மார்ட்டின் மறு ஆண்டே திரும்பி வந்தார். 1822 ஜூலை 22 ஆம் திகதி அவரது சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பசு, எருது, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக அடிப்பவருக்குப் பத்து ஷில்லிங் முதல் ஐந்து பவுண் வரை தண்டம். கட்டத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை. விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க ஒரு நாட்டின் பாராளுமன்றம் இயற்றிய முன்னோடிச் சட்டமாக இது இன்றும் போற்றப்படுகிறது. சிரிப்புக்கு இடமான கழுதையும் அதில் இடம்பெற்றது என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் வந்தது. ஆனால் அதைக் காப்பது யார்? இலண்டன் மாநகரப் பொலிஸ் படை 1829 இல்தான் உருவாக்கப்பட்டது. 1822 இல் எவராவது ஒருவர் நேரில் கண்டு, நீதவான் முன் சென்று, சத்தியம் செய்து முறையிட வேண்டும். அந்த ஒருவராக மார்ட்டினே புறப்பட்டார். அறுபத்தெட்டு வயதில் சந்தைகளிலும் தெருக்களிலும் நடந்தார். சில வாரங்களுக்குள், சிமித்ஃபீல்ட் சந்தையில் குதிரைகளை அடித்த இருவரை நீதவான் முன் நிறுத்தினார். தண்டத்தைக் கட்ட வழியற்ற ஏழைகளுக்காகத் தம் பையிலிருந்தே பணம் கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. குற்றத்தை வெறுத்தார், குற்றவாளியை வெறுக்கவில்லை.

பேர்ண்ஸ் என்னும் தெருவியாபாரியின் வழக்கு மிகவும் பிரபலமானது. நீதவானின் கவனம் வழக்கில் செல்லாததைக் கண்ட மார்ட்டின், அடிபட்ட கழுதையையே நீதிமன்றத்துள் கொண்டுவரச் செய்து அதன் காயங்களைக் காட்டினார் என்று கூறப்படுகிறது. அந்தக் காட்சி பின்னர் ஓவியமாகவும் தீட்டப்பட்டது. பிலயாமின் கழுதைக்கு ஆண்டவர் வாயைத் திறந்தார்; இந்தக் கழுதைக்கோ அதன் புண்களே வாயாயின.

தனி ஒருவரால் எத்தனை தெருக்களைக் காக்க முடியும்? 1824 ஜூன் 16 ஆம் திகதி, இலண்டனில் கோப்பிக் கடை ஒன்றிலே சிலர் கூடினார்கள். அங்கிலிக்கன் குருவான ஆர்தர் புரூம் அக்கூட்டத்தைக் கூட்டினார். அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போசும் மார்ட்டினும் அதில் இருந்தனர். விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கம் அங்கே பிறந்தது. சந்தைகளைக் கண்காணிக்க ஆட்கள் அமர்த்தப்பட்டனர். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் அடிகளார் 1826 இல் சிறை செல்லவும் நேர்ந்தது. அப்போது யூதரான லூயிஸ் கொம்பேர்ட்ஸ் சங்கத்தைத் தாங்கிப் பிடித்தார். 1840 இல் விக்டோரியா மகாராணி அதற்கு அரச சங்கம் என்னும் சிறப்பை அளித்தார். இரக்கத்தின் மேசையில் சமயவேறுபாடு தடையாக இருக்கவில்லை.

மார்ட்டினின் இறுதிக்காலம் துன்பமானது. 1826 தேர்தலில் முறைகேடு நடந்ததாக மனுச் செய்யப்பட, அவர் ஆசனத்தை இழந்தார். உறுப்பினர் என்ற பாதுகாப்பு நீங்கியதும் கடன்காரர் நெருங்கினர். கைதுக்குத் தப்ப பிரான்சின் பூலோன் நகருக்குச் சென்றார். 1829 இல் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தின் கதவு திறக்கப்பட்டது. தாம் எத்தனையோ ஆண்டுகள் வாதாடிய அந்த வெற்றியை அவர் அந்நிய மண்ணில் இருந்தே அறிந்தார். 1834 ஜனவரி 6 ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, அங்கேயே கண்மூடினார். நாய்களுக்கும் காளைகளுக்கும் அவர் கேட்ட பாதுகாப்பு, அவர் இறந்து ஓராண்டு கழிந்தபின் 1835 இல் சட்டமாயிற்று. அவர் சந்தையில் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் நடந்தார்கள்.

வாசகர்களே, இக்கதை இங்கே முடிந்துவிடவில்லை. சவுக்கடி தெருவிலிருந்து மறைந்தாலும், கொடுமை வேறு வேடம் பூண்டு வருகிறது. ஐக்கிய அமெரிக்காவில் டெனசி நடைக்குதிரை என்றொரு அழகிய இனம் உண்டு. கண்காட்சி அரங்கில் அது முன்கால்களை மிக உயரத் தூக்கி நடக்கும்போது கூட்டம் ஆரவாரம் செய்யும். அந்த உயரத்தை விரைவில் பெற விரும்பிய சிலர், குதிரையின் கணுக்காலில் எரிவூட்டும் இரசாயனங்களைப் பூசி, அதன்மேல் சங்கிலியைக் கட்டினார்கள். சங்கிலி புண்ணில் உராயும்போது வலி தாங்காமல் குதிரை காலை உயர்த்தும். பார்ப்பவர் அதை அழகென்று கைதட்டுவார்கள். துடிப்பையே நடனமாக்கிப் பரிசு வாங்கிய வஞ்சகம் இது.

இதைத் தடுக்க 1970 இல் அந்நாட்டில் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976 இல் அதைத் திருத்தியபோது, குதிரைத் தொழில் சார்ந்த அமைப்புகளே பயிற்றுவிக்கும் பரிசோதகரை நியமிக்க இடம் தரப்பட்டது. இலாபம் காண்பவரின் கையிலேயே காவலும் போயிற்று. அந்த முறை போதியதன்று என அரசின் சொந்தக் கணக்காய்வே 2010 இல் கண்டது. சட்டத்தை வலுப்படுத்தும் மூலமொன்றைப் பிரதிநிதிகள் சபை 2019 இலும் 2022 இலும் நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. 2024 இல் அரசு கடுமையான புதிய விதிகளை வெளியிட்டது. 2025 ஜனவரியில் நீதிமன்றமொன்று அவற்றுள் சில பகுதிகளை இரத்துச் செய்தது. எஞ்சியவை நடைமுறைக்கு வருவதும் பிற்போடப்பட்டது. ஒரு சபை ஏற்பதும் மறு சபை தள்ளுவதும் மார்ட்டின் கண்ட அதே பாதைதான். எழுதப்பட்ட சட்டம் தானாகக் காவல் காப்பதில்லை. காப்பதற்கு மனிதர் வேண்டும்.

நம் நாட்டிலும் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், பிரித்தானியர் காலத்தில் அந்த மரபிலேயே வந்தது. அன்று அதில் குறிக்கப்பட்ட உச்ச தண்டம் நூறு ரூபா. அன்றைய நூறு ரூபா பெருந்தொகை. காலம் அதைச் சில்லறையாக்கிவிட்டது. தண்டம் சில்லறையானால் சட்டத்தின் சொல்லும் சில்லறையாகும் அன்றோ?

விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது எனத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. இங்கே பேசப்படுவது நமது மாண்பு என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடிபடும் விலங்கு உடலால் நோகும். அடிப்பவனோ உள்ளத்தால் சிறுத்துப்போவான்.

ஆகையால் பெற்றோரே, உங்கள் வீட்டுக் கட்டில் நிற்கும் பசுவுக்கும் முற்றத்து நாய்க்கும் பிள்ளைகள் செய்வதைக் கவனியுங்கள். மாட்டுவண்டிச் சவாரித் திடலில் கைதட்டுமுன், ஓடி வந்து நிற்கும் காளையின் முதுகை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வதையைக் கண்டால் வாய் திறவுங்கள். சிலர் சிரிக்கக்கூடும். மார்ட்டினைப் பார்த்தும் ஒரு பாராளுமன்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்றோடு அடங்கிப்போயிற்று. அவர் கொண்டுவந்த சட்டம் நிலைத்தது.

பிலயாமின் கழுதை தான் செய்த குற்றம் என்னவென்று கேட்டது. அந்தக் கேள்வி நம் காதில் விழும்போது மறுமொழி சொல்லத்தக்க வாழ்வை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.