இலங்கையில் ஒலித்த செங்கோட்டைக் குரல்

குட்டீஸ்! குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? அருவிப் பக்கம் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது, இல்லையா? அங்கிருந்து சில கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது செங்கோட்டை. அந்த ஊரில் பிறந்த ஒருவர், மைக்கே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்களைத் தன் குரலால் கட்டிப்போட்டார். அவர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா!

1906ஆம் ஆண்டு கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார். அப்போது செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. வீட்டில் வறுமை. அதனால் அண்ணன்களைப் போலவே கிட்டப்பாவும் சின்ன வயதிலேயே நாடகத்தில் சேர்ந்தார். நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்! 1919இல் புகழ்பெற்ற கன்னையா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

அந்தக் கால நாடகம் எப்படி நடக்கும் தெரியுமா? இரவு சாப்பாடு முடிந்த பிறகு தொடங்கி, விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். குரல் கம்மினால் அவ்வளவுதான், கூட்டம் கலாட்டா செய்துவிடும்! கிட்டப்பாவோ மிக உயர்ந்த சுருதியிலும் சிரமமே இல்லாமல் பாடுவார்.

கடல் கடந்த இலங்கையிலும் தமிழ் நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு. அந்நாளில் அங்கே போக விமானம் கிடையாது. தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கி.மீ. கப்பல், மறுபடியும் ரயில்! நாடகக் குழு என்றால் சும்மாவா? உடைப் பெட்டிகள், கிரீடங்கள், ஆர்மோனியம், திரைச்சீலைகள் எல்லாம் கூடவே போக வேண்டும். (1964ஆம் ஆண்டுப் புயல், தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.)

1926இல் கிட்டப்பா இலங்கையில் இருந்தபோது, அங்கே ஓர் இளம் பாடகியும் புகழோடு இருந்தார். கொடுமுடியைச் சேர்ந்த கே.பி.சுந்தராம்பாள். அவரும் ஏழ்மையில் வளர்ந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய திறமை வெளியே தெரிந்தது என்று சொல்வார்கள்.

இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால்? கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாடுவது லேசான காரியம் அல்ல. ஒருவர் தோற்றால் சம்பாதித்த பெயரும் போய்விடும். ஆனால் இருவருமே பின்வாங்கவில்லை. ஒருவர் பாட, மற்றவர் அதற்கு மேல் பாட, ரசிகர்கள் சொக்கிப்போனார்கள். தோற்றவர் யாரும் இல்லை! போட்டி நட்பாகி, 1927இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஊர் திரும்பிய பிறகு 'வள்ளி திருமணம்' உட்படப் பல நாடகங்களில் சேர்ந்து நடித்தார்கள். இசைத்தட்டுகளிலும் கிட்டப்பாவின் குரல் வீடு வீடாகப் போனது. விடுதலைப் போராட்டக் காலத்தில் கதர் உடுத்தி, தேசபக்திப் பாடல்களும் பாடினார்.

ஓய்வில்லாத உழைப்பு. உடல்நலம் கெட்டது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27தான்!

சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்று முதல் வெள்ளைப் புடவை மட்டுமே உடுத்தினார். ஆனால் பாட்டை விடவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். பின்னாளில் 'அவ்வையார்' ஆக நடித்ததும் இவரே. 1980இல் மறைந்தார்.

திறமைசாலி ஒருவர் எதிரே வந்தால் பயந்து ஒதுங்கக் கூடாது, குட்டீஸ். அவரோடு சேர்ந்து நின்றால் நாமும் வளருவோம். அதோடு, எவ்வளவு திறமை இருந்தாலும் உடம்பையும் கவனித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை சாரலில் நனைய குற்றாலம் போகும்போது, செங்கோட்டைச் சிறுவன் கிட்டப்பாவையும் நினைத்துக்கொள்வீர்கள்தானே?