சில நொடிகளுக்காக ஒரு வாழ்நாள்: வானியல் அறிஞர் வைணு பாப்பு

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி வழியாக மலையேறினால் கொடைக்கானல். சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றன. அதே ஊரில் நூறாண்டு கடந்த வானாய்வகம் ஒன்றும் இருக்கிறது. 1960இல் அதன் இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. அப்போது அவருக்கு வயது 32.

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்த அவர், வளர்ந்தது ஹைதராபாத்தில். அவருடைய தந்தை அங்குள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். நவாப் ஜஃபர் ஜங் என்ற செல்வந்தர் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வாங்கி, 1901இல் தொடங்கிய ஆய்வகம் அது. பின்னர் நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. நவாப் அறிவுக்காகச் செலவிட்ட பணம், அவர் காலத்துக்குப் பின் பிறந்த ஒரு சிறுவனுக்கு வானத்தைத் திறந்து காட்டியது.

நிஜாம் கல்லூரியில் படித்த பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949இல் அங்கே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அவர் பெயரும் உடன் பணியாற்றிய இருவரின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. வெளிநாட்டில் வாய்ப்புகள் இருந்தும் 1953இல் தாயகம் திரும்பினார்.

கொடைக்கானல், சூரியனை ஆராய ஏற்ற இடம். ஆனால் மேகம் மிகுந்த அந்த மலை இரவு வான ஆய்வுக்கு ஒத்துவரவில்லை. பாப்பு பல இடங்களைத் தேடி, ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் நம் நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. இப்படிப்பட்ட மறைப்பு எளிதில் கிடைப்பதில்லை. 29ஆம் நாள் மாலையில் பிறை பார்க்க நிற்கும்போது, சில நிமிடங்கள் மேகம் மூடினாலும் நாம் ஏமாந்து போவோம். விண்மீன் மறைப்பிலோ சில நொடிகள் தவறினாலே போதும், வாய்ப்பு போய்விடும். ஒளி எப்படிக் குறைகிறது, எவ்வளவு நேரம் குறைகிறது என்பதைக் கொண்டு, மறைத்த பொருளின் அளவையும் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் கணிக்கலாம். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் கிடைத்த பதிவுகளிலிருந்து கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று கணித்தார்கள். நினைத்ததைவிட அது மிக மிக மெலிது என்பதைப் பின்னர் வாயேஜர் விண்கலம் காட்டியது.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. புதிய நிலாவாக இருக்கலாம் என்றுதான் முதலில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உணர்ந்தது. பாப்புவும் பட்டாச்சார்யாவும் தங்கள் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, அவையும் வளையங்களையே காட்டுகின்றன என அந்த ஆண்டே அறிவித்தார்கள். முதல் முடிவைப் பிடித்துக்கொண்டிராமல் உண்மையின் பக்கம் போனார்கள்.

இதே முறை இன்று மிகச் சிறிய, தொலைதூரப் பொருள்களுக்கும் பயன்படுகிறது. சுமார் 250 கிலோமீட்டர் அகலமே உள்ள சாரிக்லோவுக்கு இரண்டு வளையங்கள் இருப்பது, 2013இல் அது ஒரு விண்மீனை மறைத்தபோதுதான் தெரிந்தது.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரான பாப்பு, 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் காவலூரில் திறக்கப்பட்டு, அவர் பெயரையே பெற்றது. 2596 என்ற எண் கொண்ட சிறுகோளும் அவர் பெயரில் சுற்றிவருகிறது.

அந்தச் சில நொடிகள் வந்தபோது காவலூர் ஆயத்தமாக இருந்தது. காரணம், பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்காக உழைத்தவர்கள் இருந்தார்கள். நம் பிள்ளைகளின் படிப்புக்கும் நூலகங்களுக்கும் இன்று நாம் செலவிடுவதன் பலனை நாம் காணாமல் போகலாம். அடுத்த தலைமுறை காணும்.