தொண்டையில் மஞ்சள்

போன கோடை லீவுல தாமிரபரணிக் கரையில் கவட்டையால ஒரு குருவியை அடிச்சேன். எங்க நாய் மணி கவ்விக்கிட்டு வந்துச்சு. பேர்கூடத் தெரியாமப் புதைச்சேன்.

சலீம் அலியும் சிறுவயதில் குருவி சுட்டவர்தான். 1896-ல் மும்பையில் பிறந்தவர். மூன்று வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் இறந்துட்டாங்க, மாமாதான் வளர்த்தார். சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியலை. இவர் விடலை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கே போய்க் கேட்டார்! மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். அவ்வளவுதான், 1987-ல் இறக்கும்வரை பறவைகள் பின்னாலேயே திரிந்தார். பட்டம் இல்லாததால் வேலைகூடக் கிடைக்கலை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிப் புத்தகம் போட்டார்.

இப்போ மணியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, பார்க்கிற பறவையை நோட்டில் எழுதுறேன். ஆறு பறவைக்குப் பேர் தெரியலை. தெரிஞ்சவங்க 9-ம் வகுப்புக்கு வந்து சொல்லுங்க.