பொதுவழியைத் திறந்த இரட்டைமலை சீனிவாசன்

குமாரபாளையம் நகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் தனி வார்டில் வென்று வரும் நம் உறுப்பினர்களிடம் நாம் கேட்பது குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை. ஒற்றை ஆளாக மன்றத்தில் உட்கார்ந்து என்ன செய்துவிட முடியும் என்று அவர்களில் சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. அவர்களும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இரட்டைமலை சீனிவாசனுடையது.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1859 ஜூலை 7 அன்று பிறந்தார். நம் பக்கத்துக் கோவையில்தான் படித்தார். எங்கே சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடன் படித்தவர்களோடு விளையாடக்கூடத் தயங்கிய மாணவர் அவர். ஆனால் அந்த அச்சத்தோடு அவர் வாழ்ந்து முடித்துவிடவில்லை. நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே சூட்டி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1900 வரை அதை நடத்தினார். பிறகு கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார்.

1921இல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. 1923இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவருக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு இல்லை, பின்னால் பெரிய கட்சியும் இல்லை. மறு ஆண்டே, 1924 ஆகஸ்டில், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எல்லாருக்கும் உரியவை. இவ்வளவுதான் அதன் சாரம். அரசு அதை ஏற்று, செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது.

ஆணை வந்த மறுநாளே ஊர்த் தெருக்கள் திறந்துவிடவில்லை. அதனால் கோவையைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர் ஆர்.வீரையன் அடுத்த அடியை எடுத்து வைத்தார். பொதுவழியில் செல்பவரைத் தடுப்பவருக்கு அபராதம் விதிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் அவர் முயற்சியால் 1926இல் வந்தது. ஒருவர் எழுதிவைத்ததை அடுத்தவர் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சீனிவாசனும் நம் உரிமைக்காக வாதாடினார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார்.

நியமன உறுப்பினரான அவரால் இவ்வளவு முடிந்தது என்றால், நம் ஓட்டில் வென்றவர்களால் ஏன் முடியாது? அவர்களுக்கு நாற்காலி மறுக்கப்படும் இடங்களும், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் இடங்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும். அங்கெல்லாம் அவர்களைத் தனியே விட்டது நாமும்தான்.

வாய்மொழிக் கோரிக்கை கூட்டம் முடிந்ததும் காற்றில் போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது. ஆகவே சுடுகாட்டுப் பாதையோ குடிநீரோ, கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம். மன்றத்தில் வைக்கச் சொல்வோம். கிராம சபை கூடும் நாளில் நம் தெருவே திரண்டு போய் நம் உறுப்பினர் பக்கத்தில் உட்காருவோம்.